கழக விற்பனையில் நூல் பெட்டியா, லினன் துணியா?

இங்கிலாந்தில் பல ஊர்களில் எம்பிராய்டரிக் கழகங்கள் உண்டு. அவ்வப்போது ஒரு தேவாலயக் கூடத்தில் மேசைகளைப் போட்டு, உறுப்பினர்களிடம் மிஞ்சிய பொருள்களை விற்பார்கள். கண் பார்வை மங்கியவர்கள், சிறிய வீட்டுக்குக் குடிபோகிறவர்கள், காலமானவர்களின் பிள்ளைகள் கொடுத்த பெட்டிகள்தான் மேசைகளில் அதிகம். அந்தக் கூடத்துக்குள் நுழைந்ததும் எல்லார் கையும் முதலில் நூல் மேசைக்குத்தான் போகும். சென்ற ஆண்டு என் கையும் அங்கேதான் போனது. இந்த ஆண்டு நேராகத் துணி மேசைக்குப் போனேன். இனியும் அப்படித்தான் போவேன்.

விலையைப் பற்றி நீட்ட ஒன்றுமில்லை. இரண்டுமே கடை விலையில் ஒரு சிறு பங்குதான். சென்ற ஆண்டு அறுபதுக்கு மேற்பட்ட கண்டுகள் அடங்கிய பெட்டியை 6 பவுண்டுக்கு வாங்கினேன். இந்த ஆண்டு இரண்டு லினன் துண்டுகளுக்குச் சேர்த்து 9 பவுண்டு கொடுத்தேன். தைக்கும்போது துணியை இறுக்கிப் பிடிக்கும் மர வளையங்களையும் பார்த்தேன். உள்வளையம் கோணாமல், திருகு துருப்பிடிக்காமல் இருந்தால் யோசிக்காமல் எடுத்துக்கொள்ளலாம்.

எனக்கு முடிவைத் தந்தது ஒரே ஒரு விஷயம்: குறை எப்போது வெளிப்படுகிறது என்பது. பழைய துணியின் குறை, ஊசி எடுப்பதற்கு முன்பே தெரிந்துவிடும். பழைய நூலின் குறை, வேலை முழுதும் முடிந்து தண்ணீரில் நனைத்த பிறகுதான் தெரியும்.

அந்தப் பெட்டியில் ஒரு கருஞ்சிவப்பு இருந்தது. காகிதப் பட்டை இல்லாமல், அட்டையில் சுற்றிய நூல். பார்க்க அவ்வளவு அழகு. வெள்ளைத் துணியில் மாதுளைக் கொத்து ஒன்றை மூன்று மாதம் தைத்தேன். கைபட்ட அழுக்குப் போகட்டும் என்று அலசியதும் ஒவ்வொரு பழத்தைச் சுற்றியும் இளஞ்சிவப்புப் படர்ந்தது. நாரில் பிணையாமல் மிஞ்சிய சாயம் ஈரம் பட்டதும் இறங்கிவிடுகிறது. அடர்ந்த சிவப்புகளில் இந்த ஆபத்து அதிகம். ஈரம் காயாமல், நீர் தெளியும்வரை குளிர்ந்த நீரில் அலசிக்கொண்டே இருந்திருந்தால் ஓரளவு காப்பாற்றியிருக்கலாம். நான் பதறிப்போய்க் காயப் போட்டுவிட்டேன். காய்ந்ததும் கறை நிலைத்துவிட்டது.

முன்பே சோதித்திருக்கலாமே என்று கேட்பீர்கள். சோதிக்கலாம்; நூலை நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து அழுத்தினால் போதும். ஆனால் கலவைப் பெட்டியில் ஒரு கண்டு தேறியது அடுத்த கண்டைப் பற்றி எதுவும் சொல்வதில்லை. ஒவ்வொன்றும் வேறு ஆண்டு, வேறு கை, வேறு சாயத்தொட்டி. நிறுவனப் பெயர் அச்சிட்ட பட்டை தொலைந்துவிட்டால், அட்டையில் யாராவது நிற எண்ணை எழுதி வைத்திருந்தாலும் உதவாது; நூல் நிறுவனத்துக்கு நிறுவனம் எண் மாறும். டி.எம்.சி. நிறுவன நூலில் 310 என்றால் கறுப்பு. ஆங்கர் நிறுவன நூலில் அதே எண் பழுப்பு. ஆங்கர் கறுப்புக்கு எண் 403. ஒரு கண்டில் இருப்பது 8 மீட்டர். பாதிப் பூவில் அது தீர்ந்துபோனால் எதைக் கேட்டு வாங்குவது? எண் தெரிந்து வாங்கினாலும், வேறு தொட்டியில் தோய்த்த புதிய கண்டு மயிரிழை அளவு விலகி நிற்கலாம். அடுத்தடுத்துத் தைக்கும்போது அந்த விலகல் கண்ணை உறுத்தும்.

துணி இப்படி ஏமாற்றுவதில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தாலே மெலிந்த இடம் தெரியும். மடிப்பைத்தான் முதலில் பார்க்க வேண்டும்; பல ஆண்டுகள் ஒரே மடிப்பில் கிடந்த லினனில் இழைகள் அங்கேதான் முறியும். மெல்ல இழுத்துப் பாருங்கள். துருப் புள்ளி இருந்தால் அதை வெட்டி ஒதுக்க முடியுமா என்று கணக்குப் போடுங்கள். இழைகளை எண்ணித் தைக்கும் வேலைக்கென்றால், நீளவாட்டில் ஓடும் பாவு இழைகளையும் குறுக்கே ஓடும் ஊடை இழைகளையும் தனித்தனியாக ஓர் அங்குலத்துக்கு எண்ண வேண்டும். இரண்டும் 28 என்றால், இரண்டு இழைக்கு ஒரு தையலாக, பக்கத்துக்கு 140 தையல் உள்ள பூ 10 அங்குலச் சதுரத்தில் அமரும். ஊடை 26 ஆக இருந்தால் அதே பூ ஒரு பக்கம் ஏறக்குறைய 10¾ அங்குலம் நீண்டுவிடும், வட்டம் முட்டையாகிவிடும். பழைய மேசை விரிப்புகள் பலவற்றில் இந்தக் கோணல் உண்டு. ஜெர்மனியின் ஸ்வைகார்ட் நிறுவனத் துணியானால் கரையில் ஓர் ஆரஞ்சு இழை ஓடும். அதைக் கண்டால் எனக்குப் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

வீட்டுக்கு வந்ததும் வெந்நீரில் துவைத்தேன். லினன் நார் நனைந்தால் வலுக்கூடும். துவைக்கத் துவைக்க மெத்தென்று ஆகும். சுருங்க வேண்டியதெல்லாம் தைப்பதற்கு முன்பே சுருங்கிவிட்டது.

இதனால் நூல் மேசையே வேண்டாம் என்று சொல்லவில்லை. இருட்டில், ஈரம் படாமல் வைத்திருந்த பருத்தி நூல் பல பத்தாண்டுகளுக்குப் பிறகும் உறுதியாக இருக்கும். பட்டை கழலாத கண்டுகளை, முக்கியமாக ஒரே நிறத்தில் மூன்று நான்கு கிடைத்தால், தயங்காமல் எடுங்கள். துவைக்கத் தேவையில்லாத புத்தகக் குறிகளுக்கும், புதுத் தையல் பழகவும் அந்தப் பெட்டி இன்றும் எனக்குப் பயன்படுகிறது. பட்டு நூலில் நான் ஒரே ஒரு முறைதான் வேலை செய்திருக்கிறேன். ஆகவே பருத்தியைப் பற்றிச் சொன்னதை அதற்கு அப்படியே நீட்டாதீர்கள். கம்பளி நூலை மட்டும் அந்துப்பூச்சிக்குப் பயந்து, நன்றாகக் கட்டி இரண்டு வாரம் உறைபெட்டியில் வைத்த பிறகே மற்றவற்றோடு சேர்க்கிறேன்.

இந்த ஆண்டு வாங்கிய துண்டுகளில் பெரியதன் மூலையில், முன்பு வைத்திருந்தவர் ‘28’ என்று எழுதிய சிறு சீட்டை நூலால் தைத்திருந்தார். குண்டூசி குத்தியிருந்தால் துரு இறங்கியிருக்கும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. இருந்தும் இரு பக்கமும் எண்ணிப் பார்த்தேன். இருபத்தெட்டேதான்.