தர்மபுரி மரபணு கிளினிக்: புது இடம் எப்படி, எந்தக் கிழமை போவது

தர்மபுரி பஸ் ஸ்டாண்டை ஒட்டிய சந்தில், மருந்துக்கடைக்கு மேல்மாடியில் இருந்த மரபணு கிளினிக் இப்போது சேலம் ரோட்டுப் பக்கம் தனிக் கட்டடத்துக்கு வந்துவிட்டது. பழைய கதவில் ஒட்டிய நோட்டீசில் போன் நம்பர் இருக்கிறது, வழி இல்லை. மேப்பும் இன்னும் பழைய சந்துக்கே கூட்டிப்போகிறது. அதனால் கிளம்பும் முன் ஒரு போன் போட்டு, புது இடத்தின் லொகேஷனை வாட்ஸ்அப்பில் வாங்கிக்கொள்ளுங்கள். ஷேர் ஆட்டோக்காரரிடம் 'மரபணு' என்று சொன்னால் விழிப்பார். பக்கத்தில் என்ன கடை இருக்கிறது என்று போனிலேயே கேட்டு, அதைச் சொல்லி ஏறுங்கள்.

இடம் மாறியதில் முதல் லாபம் தரைத்தளம். மஸ்குலர் டிஸ்ட்ரோபி என்ற தசை நலியும் நோய் உள்ள பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன்கள் வருகிற கிளினிக் இது. பழைய இடத்தின் குறுகலான படியில் அப்பாவோ மாமாவோ முதுகில் தூக்கித்தான் ஏற வேண்டியிருந்தது. இப்போது வாசலிலேயே சாய்தளம். சக்கர நாற்காலி கவுன்சலிங் அறை வரை தடங்கல் இல்லாமல் போகிறது. ஆனால் கழிப்பறைக் கதவுக்குள் போகவில்லை. புதுக் கட்டடத்தில் இதை எப்படி விட்டார்களோ.

இரண்டாவது லாபம் சுவர். முன்பு பிளைவுட் தடுப்பு. உள்ளே யாருக்கு எத்தனை கரு கலைந்தது என்று வெளியே டோக்கனோடு காத்திருப்பவர்களுக்கெல்லாம் கேட்கும். இப்போது செங்கல் சுவர், கதவு, கதவுக்குக் கீழே இடைவெளியும் இல்லை. இவ்வளவு செய்துவிட்டு, வரவேற்பில் இருக்கும் பெண் "காரியோடைப் எடுக்க வந்த புருஷன் பொண்டாட்டி வாங்க" என்று (காரியோடைப் என்றால் குரோமோசோம்களை எண்ணிப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை) ஹாலுக்கே கேட்கக் கூப்பிடுகிறார். டோக்கன் நம்பர் அச்சடித்துத் தருவதே எதற்கு?

முதல் நாளே ஊசி குத்துவார்கள் என்று நினைத்துப் போகாதீர்கள். முக்கால் மணி நேரம் பேச்சுதான், இந்தக் கிளினிக்கின் உண்மையான வேலையும் அதுதான். மூன்று தலைமுறைக்கு வம்சப் படம் போடுகிறார்கள். ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம், கலைந்த கருவுக்குச் சின்ன முக்கோணம். நோய் உள்ளவரின் கட்டம் கறுப்பு, இறந்தவர் மேல் சாய்கோடு, யாரை வைத்து விசாரணை தொடங்கியதோ அவர் பக்கத்தில் அம்பு. கல்யாணத்துக்கு ஒற்றைக் கோடு. சொந்தத்தில் கட்டியிருந்தால் இரட்டைக் கோடு.

நம் பக்கத்துக் குடும்பங்களுக்கு இந்தப் படம் போடுவது தனி வித்தை. 'மாமா' என்றால் அம்மாவின் தம்பியா, அத்தையின் வீட்டுக்காரரா, மாமனாரா, கட்டிய புருஷனா? தாய்மாமனையே கட்டிய பெண்ணுக்கு முதல் ஆளும் கடைசி ஆளும் ஒருவரே. அப்போது இரட்டைக் கோடு நேராகப் போகாமல், ஒரு தலைமுறையிலிருந்து கீழ்த் தலைமுறைக்குச் சாய்வாக இறங்கும். "சொந்தத்துல கல்யாணமா?" என்று கேட்டால் பாதிப் பேர் "இல்லைங்க, அசல்தான்" என்பார்கள். இங்குள்ள கவுன்சலர் அதோடு விடுவதில்லை. "ரெண்டு பக்கத்துப் பாட்டிக்கும் பொறந்த ஊரு எது?" என்கிறார். இரண்டு பதிலும் பாலக்கோட்டுப் பக்கத்து ஒரே கிராமமாக வந்து நின்றால் படம் மாறுகிறது. விஷயம் தெரிந்தவர் கேட்கும் கேள்வி அது.

அக்கா மகளைக் கட்டியவருக்கும் மனைவிக்கும் சராசரியாக மரபணுக்களில் நாலில் ஒரு பங்கு பொது. அத்தை மகன், மாமன் மகள் என்றால் எட்டில் ஒரு பங்கு. பொதுவான அந்தப் பங்கில் ஒளிந்திருக்கும் ஒரே கோளாறு இரண்டு பக்கமிருந்தும் பிள்ளைக்கு வந்து சேரலாம் என்பதுதான் கவலை. தம்பதி இருவரும் ஒரே கோளாறின் கேரியர், அதாவது நோய் இல்லாமல் அதைச் சுமப்பவர்கள், என்றால் ஒவ்வொரு கர்ப்பத்திலும் நாலில் ஒன்று என்ற கணக்கு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டதால் அடுத்த மூன்றும் தப்பிக்கும் என்று அர்த்தமில்லை. ஒவ்வொரு முறையும் சீட்டை மறுபடி குலுக்குகிறார்கள். இதை நான்கு பட்டன்களை வைத்து விளக்குகிறார்கள், பாட்டிமார்களுக்கே புரிகிறது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கத்துக் குடும்பங்களுக்குத் தெலுங்கிலும் கன்னடத்திலும் பேசுகிறார்கள்.

ஆகவே கூட்டிப்போக வேண்டிய ஆள் முக்கியம். பெண்டாட்டியை மட்டும் அம்மாவோடு அனுப்புவதுதான் இங்கே அடிக்கடி நடக்கிற தப்பு. இரண்டு தடவைக்கு மேல் கரு கலைந்திருந்தால் காரியோடைப் இருவருக்கும் எடுக்க வேண்டும். குரோமோசோம் இடம் மாறி ஒட்டியிருப்பது கணவனிடமும் இருக்கலாம், அவர் ஆரோக்கியமாகவே இருப்பார். இரு பக்கத்து உறவும் தெரிந்த ஒரு பெரியவரையும் அழைத்துப் போங்கள். பழைய ஸ்கேன், டிஸ்சார்ஜ் சம்மரி, இறந்த குழந்தையின் போட்டோ இருந்தால் அதுவும், கர்ப்பிணியானால் பிக்மி நம்பரும் (அரசிடம் கர்ப்பத்தைப் பதிந்த எண்) வேண்டும். மலையிலிருந்து வருபவர்களுக்கு சிக்கில் செல் (சிவப்பணு அரிவாள் வடிவமாகும் பரம்பரை ரத்த நோய்) முகாமில் கொடுத்த அட்டை இருந்தால் அதை மறக்காதீர்கள். 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய சிக்கில் செல் ஒழிப்புத் திட்டத்தில் கொடுப்பது அது.

இனி ரத்தம். டியூப் மூடியின் நிறத்தை நீங்களே பாருங்கள். டிஎன்ஏ பரிசோதனைக்கும், தலசீமியா என்ற பரம்பரை ரத்தசோகையைப் பார்க்கும் ஹெச்பிஎல்சி பரிசோதனைக்கும் ஊதா மூடி. காரியோடைப்புக்குப் பச்சை மூடி, உள்ளே சோடியம் ஹெப்பாரின். மாற்றிப் போட்டால் இரண்டும் கெடும்: ஹெப்பாரின் டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆரைத் தடுக்கும், ஊதா டியூபில் இருக்கும் மருந்து செல் வளர்ப்புக்கு ஆகாது. பெரியவர்களுக்கு மூன்று முதல் ஐந்து மில்லி, கைக்குழந்தைக்கு ஒன்றிரண்டு மில்லி போதும். எடுத்ததும் எட்டுப் பத்துத் தடவை மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்த வேண்டும், குலுக்கக் கூடாது. பெயர், வயது, தேதி, நேரம் எல்லாம் உங்கள் கண்முன் லேபிளில் ஏறட்டும். ஒரே பெயரில் இரண்டு பேர் உட்கார்ந்திருக்கிற ஊர் இது. இங்கே ரத்தம் எடுப்பவருக்குக் கை நன்றாக வருகிறது. எட்டு மாதக் குழந்தைக்கும் ஒரே குத்தில் முடிக்கிறார்.

பிசகு நடப்பது அதற்குப் பிறகுதான். லேப் இங்கே இல்லை, சாம்பிள் சாயங்காலக் கூரியரில் பெங்களூரு போகிறது. ஊதா டியூப் ஓரிரு நாள் தாமதித்தாலும் தாங்கும். பச்சை டியூப் தாங்காது. காரியோடைப்புக்கு வெள்ளை அணுக்கள் உயிரோடு போய்ச் சேர வேண்டும். அவற்றைச் சுமார் 72 மணி நேரம் வளர்த்து, பிரியும் நேரத்தில் நிறுத்தி, சாயமேற்றித்தான் குரோமோசோம்களை எண்ணுகிறார்கள். எடுத்த 48 மணி நேரத்துக்குள் வளர்ப்பில் போட்டுவிடுவது நல்லது. சனிக்கிழமை மதியம் எடுத்த டியூப் ஞாயிறு முழுக்க இங்கேயே கிடந்து, திங்கள் இரவு கிளம்பி, செவ்வாய்தான் லேபுக்குப் போகும். பத்து நாள் கழித்து "செல் வளரலைங்க, மறுபடி ரத்தம் குடுக்கணும்" என்று போன் வரும். மறு ரத்தத்துக்குக் காசு வாங்குவதில்லை, சரி. பென்னாகரத்திலிருந்து இரண்டு பேர் வந்துபோகும் பஸ் செலவும், மறுபடி மூன்று வாரக் காத்திருப்பும் யார் கணக்கு? வெயில் காலத்தில் ஐஸ் பேக்கின் மேலேயே டியூபைப் படுத்தி வைத்து அனுப்பினால் உறைந்தும் செத்துப்போகும். நடுவில் துணியோ பஞ்சோ வேண்டும். வரவேற்பில் இதையெல்லாம் அவர்களாகச் சொல்வதில்லை. காரியோடைப் என்றால் திங்கள் முதல் புதனுக்குள், காலையிலேயே போய்விடுங்கள்.

கலைந்த கருவின் திசுவைக் கொண்டுவருபவர்களுக்கும் இதே விதி. ஆஸ்பத்திரியில் வழக்கப்படி ஃபார்மலினில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். அதில் செல் செத்துவிடும். சுத்தமான பாட்டிலில் ஸ்டெரைல் நார்மல் சலைனில் போட்டுத் தரச் சொல்லி முன்கூட்டியே கேளுங்கள்.

தலசீமியா கேரியர் பார்க்க வருபவர்களுக்கு ஒரு வார்த்தை. சாதாரண ரத்தப் பரிசோதனையில் எம்சிவி (சிவப்பணுவின் அளவு) 80க்குக் கீழ், எம்சிஹெச் (அதிலுள்ள ஹீமோகுளோபின்) 27க்குக் கீழ் என்றால்தான் பெரும்பாலும் சந்தேகமே வரும். ஹெச்பிஎல்சியில் ஹெச்பிஏ2 என்ற ஹீமோகுளோபின் வகை 3.5 சதவீதத்தைத் தாண்டினால் பீட்டா தலசீமியா கேரியராக இருக்கலாம். கடுமையான இரும்புச்சத்துக் குறைவு அந்த எண்ணைக் கீழே இழுத்து ஏமாற்றிவிடும். கடந்த மூன்று மாதத்துக்குள் ரத்தம் ஏற்றியிருந்தால் ரிப்போர்ட்டில் தெரிவது பாதி அடுத்தவர் ரத்தம். ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு முடிவு தெளிவாக வராது. இங்கே ரத்தம் ஏற்றிய தேதியைக் கேட்டு படிவத்தில் எழுதுகிறார்கள்.

"முகத்தைப் பார்த்தே டவுன் சிண்ட்ரோம்னு டாக்டர் சொல்லிட்டாரே, அப்புறம் எதுக்கு டெஸ்ட்?" என்று கேட்பவர்கள் நிறைய. சுமார் 95 சதவீதக் குழந்தைகளுக்கு 21ஆம் குரோமோசோம் தனியாக ஒன்று கூடியிருக்கும். மூன்று நான்கு சதவீதத்தில் அது வேறொன்றோடு ஒட்டியிருக்கும். அப்படியானால் அப்பா அம்மா இருவரையும் பார்த்தாக வேண்டும், அடுத்த பிள்ளைக்கான கணக்கே வேறு. தசை நோய்ப் பையன்களுக்கு எடுத்த எடுப்பில் எல்லா மரபணுக்களையும் படிக்கும் எக்ஸோம் எழுதாமல், மரபணுவில் துண்டு விடுபட்டிருக்கிறதா என்று பார்க்கும் எம்எல்பிஏவை முதலில் எழுதுகிறார்கள். டுஷென் என்ற தசை நோயில் மூன்றில் இரண்டு பங்குப் பையன்களுக்கு மரபணுவில் துண்டு விட்டுப்போனதுதான் காரணம் என்பதால் குறைந்த செலவில் அங்கேயே விடை கிடைத்துவிடும். இந்த நேர்மைக்குத் தனியாக ஒரு சபாஷ்.

கர்ப்பிணிகள் நாளைக் கவனிக்க வேண்டும். கருவுக்கு நோய் உண்டா என்று பார்க்க நஞ்சுக்கொடியிலிருந்து திசு எடுப்பது 11 வாரத்துக்குப் பின், பனிக்குட நீர் எடுப்பது 16 வாரத்தை ஒட்டி. அதற்கு முன்பே முதல் பிள்ளையின், பெற்றோரின் டிஎன்ஏ ரிப்போர்ட் கையில் இருக்க வேண்டும். வளைகாப்பு முடியட்டும் என்று ஏழாம் மாதத்தில் வந்தால் சொல்வதற்கு அதிகம் இல்லை: கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தத்துக்குப் பிறகும் 24 வாரம் தாண்டினால் கலைக்க மருத்துவ வாரியத்தின் அனுமதி வேண்டும். இந்தக் கிளினிக்கில் ஊசி போட்டு நீர் எடுப்பதில்லை, எழுதிக் கொடுத்து வெளியே அனுப்புகிறார்கள்.

சுவரையும் பாருங்கள். கருவின் பாலினத்தைக் கண்டறிந்து சொல்வதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவுச் சான்றிதழ் கண்ணில் படும்படி தொங்க வேண்டும். இடம் மாறினால் முன்கூட்டியே தெரிவித்துப் புதுச் சான்றிதழ் வாங்க வேண்டும். இங்கே புது முகவரியோடு மாட்டியிருக்கிறார்கள். கருவிலிருப்பது ஆணா பெண்ணா என்று சொல்ல மாட்டோம் என்ற போர்டு தமிழிலும் இருக்கிறது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992இல் சேலத்தில் தொடங்கிய தொட்டில் குழந்தைத் திட்டம் பிறகு நீட்டிக்கப்பட்ட மாவட்டங்களில் தர்மபுரியும் ஒன்று. அந்தப் போர்டை இங்கே பெரிய எழுத்தில் வைப்பது நியாயம்தான்.

ரிப்போர்ட் வரும் விதம்தான் பிடிக்கவில்லை. காரியோடைப் மூன்று வாரம், எக்ஸோம் ஒன்றரை இரண்டு மாதம் வரை போகும், அது பரவாயில்லை. கவுன்சலிங்குக்கு முன்னாலேயே ஆங்கிலப் பிடிஎஃப்பை வாட்ஸ்அப்பில் தட்டிவிடுகிறார்கள். அதில் 'வியூஎஸ்' (VUS) என்று யாராவது படித்துச் சொல்லி வீடு முழுக்க அழும். 'வியூஎஸ்' என்றால் மாற்றம் ஒன்று தெரிகிறது, அது நோயா வெறும் வித்தியாசமா என்று இன்னும் முடிவாகவில்லை என்றுதான் பொருள். அதை நம்பிக் கர்ப்பத்தைப் பற்றி எந்த முடிவும் எடுக்கக் கூடாது. "நேர்ல வந்துதான் வாங்கிக்குவோம்" என்று ரத்தம் கொடுக்கும் அன்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள். தமிழில் ஒரு பக்கச் சுருக்கம் கேட்டால் தருகிறார்கள், கேட்டால்தான். அரிய நோய் என்று உறுதியானால் 2021 தேசியக் கொள்கையின்படி 50 லட்சம் ரூபாய் வரை உதவி கிடைக்க வழி உண்டு. அதற்குச் சிறப்பு மையத்தில் பதிய வேண்டும். பெங்களூரு மனித மரபியல் மையமும் இந்திரா காந்தி மருத்துவமனையும் சேர்ந்தது அப்படி ஒன்று. போகத் தேவையான கடிதத்தை இங்கே தயங்காமல் தருகிறார்கள்.

பழைய இடத்தில் பார்த்தவர்கள் போவதற்கு முந்தின நாளே போன் செய்துவிடுங்கள். கையால் வரைந்த பழைய படங்கள் இன்னும் அட்டைப்பெட்டிகளில்தான் கிடக்கின்றன. ரசீதின் மூலையில் பேனாவில் எழுதிய நம்பர்தான் ஃபைல் நம்பர். அதைச் சொன்னால் எடுத்து வைப்பார்கள். பெயரை மட்டும் சொன்னால் காத்திருக்க வேண்டியதுதான், செல்விக்கென்றே ஒரு பெட்டி இருக்கிறது.