ரீப்ளே ஓட்ட கீபோர்டா, பட்டன் டெக்கா, சக்கரமா?

தூத்தூர் பக்கம் கடற்கரை ஊர்ல செவன்ஸ் (பக்கத்துக்கு ஏழு பேர் ஆடுற) ஃபுட்பால் லைவ் எடுக்கப் போனவங்களுக்கு இது தெரிஞ்சிருக்கும், கரையில நிக்கிற கூட்டத்துல பாதிப்பேரு கிரவுண்டையும் பாப்பாங்க, கையில ஃபோன்ல நம்ம லைவையும் பாப்பாங்க. கோல் விழுந்த உடனே "கையில பட்டுச்சு மக்கா, திரும்பப் போடு"ன்னு சத்தம் நேரா நம்ம டேபிளுக்குத்தான் வரும். பந்தை நடுவுல வெச்சு ஆட்டம் திரும்ப ஆரம்பிக்கிறதுக்குள்ள சரியான கேமராவை எடுத்து, சரியான இடத்துல நிறுத்தி, ஸ்லோவா ஓட்டி, திரும்ப லைவுக்கு வந்துரணும். இதுக்கு எதை வாங்கலாம்னு ரெண்டு மூணு பசங்க கேட்டாங்க, அதான் எழுதுறேன்.

சாஃப்ட்வேர் கதையை சுருக்கமா முடிச்சிடுறேன். லைவ் அனுப்புற சாஃப்ட்வேர்ல ஓபிஎஸ் ஃப்ரீ, அதுல கடைசியா ஓடின கொஞ்ச நேரத்தைச் சேமிக்கிற ரீப்ளே பஃபர் இருக்கு, ஆனா அது சேமிக்கிறது ஏற்கெனவே வெளிய போன படத்தைத்தான், போஸ்ட்டுக்குப் பின்னாடி நின்ன கேமரா பாத்தது அதுல இருக்காது. ரீப்ளே சோர்ஸ்னு ஒரு ப்ளக்இன் போட்டா தனித்தனி கேமராவையும் பிடிக்கும், ரேமை நல்லா தின்னும், ரெண்டு கேமரா வரைக்கும் கொள்ளாம். விமிக்ஸ்ங்கிறது காசு குடுத்து வாங்குற லைவ் சாஃப்ட்வேர், அதுல 4கே எடிஷன் 700 டாலர், ரீப்ளேக்கு ஒரே கேமரா. ப்ரோ 1200 டாலர், 8 கேமரா வரைக்கும். 60 நாள் ட்ரையல் இருக்கு, ஒரு டூர்னமெண்ட் முழுசா ஓட்டிப் பாத்துட்டே காசு போடலாம். டிஸ்க் கணக்கை மறக்காதீங்க, கேமராவுக்கு 100 எம்பிபிஎஸ் (செகண்டுக்கு 100 மெகாபிட்)னு வெச்சா மணிக்கு 45 ஜிபி, நாலு கேமராவுக்கு 180 ஜிபி, அதுக்குன்னு தனி எஸ்எஸ்டி வேணும். கீழ எழுதுறது எல்லாம் விமிக்ஸ் ஓட்டுறவங்களுக்காக்கும்.

கீபோர்டுல ஆரம்பிக்கிறது தப்பே இல்ல. மார்க் இன், மார்க் அவுட் (ரீப்ளே துண்டோட ஆரம்பம், முடிவு), கடைசி ஈவண்டை (அப்படிக் குறிச்ச துண்டை) ஓட்டு, ஸ்பீடு பாதி, கேமரா 1, கேமரா 2ன்னு எல்லாத்துக்கும் ஷார்ட்கட் வெச்சுக்கலாம், அஞ்சு பைசா செலவில்ல. ஆனா தார்ப்பாய்க்குக் கீழ இருட்டுல எல்லா கீயும் ஒண்ணு போலத்தான் இருக்கும். அதைவிட பெரிய தலைவலி என்னன்னா, ஸ்கோர் பாக்க பிரவுசர்ல ஒரு க்ளிக் பண்ணிட்டு அப்படியே கோலுக்கு கீயை அமுக்கினா ஒண்ணும் நடக்காது, ஃபோகஸ், அதாவது கீ போய்ச் சேருற விண்டோ, விமிக்ஸ்ல இல்ல. நான் ஒரு மேட்ச்ல டீம் பேரு டைப் பண்ற பெட்டிக்குள்ளயே அமுக்கிட்டு ஸ்க்ரீன்ல டீம் பேருக்குப் பக்கத்துல "கேகேகே"ன்னு போட்டு விட்டிருக்கேன், இன்னும் கலாய்க்கிறாங்க.

ஸ்ட்ரீம் டெக், அதாவது யூஎஸ்பில மாட்டுற பட்டன் பலகை, அந்தப் பிரச்சனையைத் தீர்க்கும். 15 பட்டன் உள்ளது நாலு கேமராவுக்குப் போதும், 32 பட்டன் உள்ளது சொகுசு. கம்பானியன்னு ஃப்ரீ சாஃப்ட்வேர் இருக்கு, அது நெட்வொர்க் வழியா விமிக்ஸ்கிட்ட பேசுறதால ஃபோகஸ் எங்க இருந்தாலும் கட்டளை போய்ச் சேரும், ரீப்ளேக்கு தனியா ஒரு ஆளை வேற லேப்டாப்போட உக்கார வைக்கவும் முடியும். பட்டன்லயே எழுத்து, கலர் எல்லாம் வர்றதால புதுப் பையனை அரை மணி நேரத்துல பழக்கிரலாம். ஆனா பந்து கையில பட்ட அந்த ஒரு ஃப்ரேமைத் தேடணும்னா பட்டன் ஆகாது, முன்னாடி பின்னாடின்னு இருபது தடவை குத்தணும், அதுக்குள்ள அடுத்த கார்னர் வந்துரும்.

அங்கதான் சக்கரம். ஷட்டில் புரோ வி2ங்கிற யூஎஸ்பி கருவியில உள் சக்கரம் ஃப்ரேம் ஃப்ரேமா நகர்த்தும், வெளி வளையத்துல ஸ்ப்ரிங் இருக்கு, திருப்பினா ஓடும், விட்டா நடுவுக்கு வந்து நிக்கும், சுத்தி 15 பட்டன். கண்ணை ஸ்க்ரீன்லயே வெச்சுக்கிட்டு கை தானா தேடுது பாருங்க, அந்த சுகமே தனி. பட்டன்ல பேரு எழுதியிருக்காது, நீங்களே மனப்பாடம் பண்ணணும், அதனால ஆளு மாத்தி மாத்தி உக்காருற டீமுக்கு கொஞ்சம் கஷ்டம். எக்ஸ்கீஸ்ங்கிற கீ பலகையில சக்கரமும் நெறைய கீயும் சேந்தே வரும், கையில காசு இருந்தா அது.

மிடி, அதாவது மியூசிக் போடுறவங்க வெச்சிருக்கிற பலகை, அந்தப் பக்கம் போனா அக்காய் ஏபிசி மினி, 64 பேடு (அமுக்குற சதுர பட்டன்), 9 ஃபேடர் (மேலயும் கீழயும் தள்ளுற கட்டை). ரீப்ளேக்கு ஏ, பி-ன்னு ரெண்டு சேனல் உண்டு (கீழ சொல்றேன்), மேல் வரிசை ஏ சேனலோட கேமரா, அடுத்த வரிசை பி சேனலோட கேமரான்னு விரிச்சுப் போட்டா பாக்கவே அழகு. ஸ்பீடுக்கு ஃபேடர் மாதிரி வேற எதுவும் கிடையாது, கால் வரும்போது இழுத்து, பந்து போஸ்ட்ல நுழையும்போது தள்ளி விடலாம். ஒரே குறை, ஃபேடர் மேல 100ல நிக்குது, சாஃப்ட்வேர்ல ஸ்பீடு 50ல இருக்குன்னு வைங்க, தொட்ட உடனே படம் குபீர்னு பாயும். ஒவ்வொரு ரீப்ளேக்கும் முன்னாடி ஃபேடரை இடத்துக்குக் கொண்டு வர்ற பழக்கம் வேணும்.

டேப்லெட்ல வெப் கன்ட்ரோலர் (பிரவுசர் வழியா விமிக்ஸை இயக்குற பக்கம்) வெச்சு ஓட்டலாமேன்னு ஒருத்தன் சொன்னான். ஆயிரம் ஃபோன் நிக்கிற கிரவுண்டுல வைஃபைய நம்பி ரீப்ளேயா, வேண்டாம் மக்கா.

இனி எல்லாத்துக்கும் பொதுவான ஒரு குழி. ரீப்ளேல ஏ, பி-ன்னு ரெண்டு சேனல், தனித்தனியா ஓடுற ரெண்டு தடம் மாதிரி, ஏ ஆன்ஏர்ல ஓடும்போதே பி-ல அடுத்த ஆங்கிளைத் தேடலாம், மல்டி சேனலோட லாபமே அதுதான். ஆனா ஷார்ட்கட் வைக்கும்போது சேனல்ங்கிற இடத்துல "கரண்ட்"னு விட்டுட்டா, செலக்ஷன் எதுல நிக்குதோ அதுதான் நகரும். பி சேனல்னு நினைச்சு நான் சக்கரத்தைத் திருப்பினேன், ஊரே பாத்துட்டிருந்த ஏ சேனல் பின்னாடி ஓடி, வலைக்குள்ள கிடந்த பந்து திரும்ப அடிச்சவன் காலுக்கே போச்சு. அதுக்கப்புறம் ஏ-க்கு தனி பட்டன், பி-க்கு தனி பட்டன்னு பிரிச்சிட்டேன், கரண்ட்ங்கிறதை சக்கரத்துக்கு மட்டும் விட்டேன், சக்கரத்துக்குப் பக்கத்துல இருக்கிற பட்டன்ல சேனல் மாத்துறதை வெச்சேன்.

எங்கிட்ட கேட்டா, மொதல்ல சக்கரம் வாங்குங்க. கேமரா மாத்துறது, மார்க் பண்றது எல்லாம் கீபோர்டு வெச்சு சமாளிச்சிரலாம், ஃப்ரேம் தேடுறதை எதை வெச்சும் சமாளிக்க முடியாது. ரெண்டாவது ஆளும் மூணாவது கேமராவும் வந்த பிறகு ஸ்ட்ரீம் டெக். மிடி, இருந்தா சந்தோஷம். கூடவே கேமராவை 50 ஃப்ரேம்ல ஓட விடுங்க, பாதி ஸ்பீடுல போட்டாலும் செகண்டுக்கு 25 அசல் ஃப்ரேம் இருக்கும், 25ல எடுத்துட்டு எவ்வளவு நல்ல சக்கரம் வெச்சாலும் படம் தத்தித்தத்திதான் போகும். கடற்கரைன்னா மேட்ச் முடிஞ்சதும் யூஎஸ்பி முனையை எல்லாம் துணியால துடைச்சு டப்பாக்குள்ள போட்டு மூடுங்க, உப்புக்காத்துல என்னோட ஒரு ஹப் பச்சை பிடிச்சு செத்துப்போச்சு, அதுவும் செமிஃபைனல் அன்னைக்கு.