சான் ஹொசேயிலிருந்து கூடாரம் போட: மூன்று மாநிலப் பூங்காக்கள்

சான் ஹொசேயில் குடியிருப்பவர்கள் வார இறுதியில் கூடாரம் போட்டுத் தங்க நினைத்தால், காரில் எட்டும் தொலைவிலுள்ள கலிபோர்னிய மாநிலப் பூங்காக்களில் ஹென்றி கொவெல், மவுண்ட் டியாப்லோ, ஃபைஃபர் பிக் சர் ஆகிய மூன்றும் முதலில் பேச்சில் அடிபடும். பகலில் மூன்றுமே அழகானவை. ஆகவே கூடாரம் நிற்கும் தரை எத்தகையது, இரவு எப்படிக் கழியும், காலையில் வெயில் எவ்வளவு உறைக்கும் என்பவற்றைக் கொண்டே அவற்றை ஒப்பிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ஃபெல்டன் ஊரை ஒட்டிய ஹென்றி கொவெல், நெடுஞ்சாலை 17 வழியாக மலையைக் கடந்தால் ஏறத்தாழ 30 மைல். கோடைச் சனிக்கிழமைகளில் கடற்கரைக்குச் செல்லும் கூட்டம் அந்தச் சாலையை அடைத்துவிடும் என்பதால், காலையில் சீக்கிரமே கிளம்பிவிடுவது நல்லது. சுமார் 277 அடி வரை உயர்ந்த ரெட்வுட் மரங்கள் நிற்கும் 40 ஏக்கர் பழங்காட்டைப் படத்தில் பார்த்துவிட்டு, அவற்றின் அடியிலேயே படுத்துறங்கலாம் என்று எண்ணி வருபவர்கள் உண்டு. ஆனால் கூடாரத் திடலோ கிரஹாம் ஹில் சாலையில் வேறொரு வாயிலுக்குள், ஓக் மரங்களுக்கும் பைன் மரங்களுக்கும் நடுவே இருக்கிறது. முற்காலத்தில் கடலடியாக இருந்த மணல் இங்கே மேலே வந்து கிடப்பதால், மண் இளகலாக உள்ள இடங்களில் கூடாரத்துடன் வரும் சிறிய முளைகள் பிடிப்பதில்லை. நீளமான முளைகளை எடுத்துச் செல்லுங்கள். பாதையோரங்களில், தொட்டால் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும் பாய்சன் ஓக் வளர்ந்திருக்கும். மூன்று மூன்றாக இலை விடும் அந்தச் செடியைப் பிள்ளைகளுக்கு முதல் நாளே காட்டிவிட வேண்டும்.

ஹென்றி கொவெல் உள்ளிட்ட சாண்டா குரூஸ் மலைப் பூங்காக்களில் சாப்பாட்டு மேசையைத் துடைப்பதும் முக்கியமான வேலை. சிந்திய உணவைத் தேடி நீல நிற ஜே பறவைகள் பெருகினால், முதிர்ந்த மரங்களின் உச்சிக் கிளைகளில் முட்டையிடும் மார்பிள்ட் மர்ரெலெட் என்னும் அரிய கடற்பறவையின் முட்டைகளையும் அவை தின்றுவிடுகின்றன. தயிர்சாதத்தின் ஒரு பருக்கையைக்கூட விட்டுவைக்கக் கூடாது.

மவுண்ட் டியாப்லோவின் சிகரம் 3,849 அடி உயரமுடையது. வானம் தெளிந்த நாளில் அங்கிருந்து சியரா நெவாடா மலைத்தொடர் தெரியும். மலையின் மேற்பகுதியிலுள்ள ஜூனிபர் திடலிலிருந்து இரவில் ஊர்களின் விளக்குகளைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம், ஆனால் அங்கே காற்று பலமாக அடிக்கும். சிறுவர்கள் பாறைகளில் ஏறி விளையாட விரும்பினால் ராக் சிட்டி என்னும் பாறைப் பகுதிக்கு அருகிலுள்ள லைவ் ஓக் திடலே ஏற்றது. பூங்காவின் வாயில்கள் மாலையில் அடைக்கப்படுவதால், வெள்ளிக்கிழமை வேலை முடிந்து கிளம்புபவர்களுக்கு இது ஒத்துவராது. கோடை வெயிலில் புல் முழுவதும் காய்ந்து, நிழலும் குறைந்துவிடும். மார்ச், ஏப்ரல் மாதங்களில் இதே மலை பச்சைப்பசேலென்று பூத்துக் கிடக்கும். அந்த இரு மாதங்களில் மற்ற இரண்டையும் விட இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

ஃபைஃபர் பிக் சர் ஏறத்தாழ 100 மைல் தொலைவில் இருப்பதால், ஓரிரவுக்காக அங்கே செல்வது வீண் அலைச்சல். இரண்டு இரவுகள் ஒதுக்க முடிந்தால் மூன்றிலும் இதுவே சிறந்தது: ரெட்வுட் மரங்களின் அடியிலேயே கூடாரம் போடலாம், பிக் சர் ஆறு திடலை ஒட்டியே ஓடுகிறது. பூங்காவுக்குள் கடற்கரை இல்லை; ஃபைஃபர் கடற்கரை தனியே, தேசிய வனத்துறையின் பொறுப்பில் உள்ளது. நெடுஞ்சாலை 1 நிலச்சரிவால் அடிக்கடி மூடப்படும் என்பதால், சாலை நிலவரத்தைப் பார்க்காமல் புறப்பட வேண்டாம். 2017இல் பூங்காவுக்குத் தெற்கே ஃபைஃபர் கேன்யன் பாலமே சேதமடைந்து, புதிய பாலம் அக்டோபரில்தான் திறக்கப்பட்டது.

முதன்முறையாகச் சிறு பிள்ளைகளுடன் செல்லும் குடும்பத்துக்கு நான் ஹென்றி கொவெலையே சொல்வேன். நடு இரவில் குழந்தைக்குக் காய்ச்சல் கண்டால்கூட ஊர் பக்கத்திலேயே இருக்கிறது. கோடை வார இறுதிகளுக்கான இடங்கள், ஆறு மாதங்களுக்கு முன்பு காலை 8 மணிக்கு முன்பதிவு திறந்தவுடனேயே பெரும்பாலும் நிறைந்துவிடும். அந்த வேளையைத் தவறவிட்டவர்கள், யாராவது ரத்துசெய்யும் இடத்துக்காக முன்பதிவு இணையதளத்தை அடிக்கடி பார்த்து வரலாம், அல்லது வாரநாள் ஒன்றைத் தேர்ந்தெடுக்கலாம்.