வீட்டு இசைத் தொகுப்புக்கு ஒரு நாஸ் பெட்டி: சைனாலஜி டிஎஸ்220 பிளஸ், மூன்றாண்டுப் பயன்பாட்டுக்குப் பின்

அப்பா விட்டுச்சென்ற கேசட்டுகள் மொத்தம் 212. அனேகமாக எல்லாமே தொண்ணூறு நிமிடக் கேசட்டுகள். கோயில் திருவிழாக்களில் விடிய விடிய நடந்த நாகஸ்வரக் கச்சேரிகளை மேடையோரம் டேப் ரெக்கார்டரை வைத்து அவரே பதிந்தவை பாதி. திருச்சி வானொலியில் கேட்டுப் பதிந்தவை மீதி. கடையில் விற்ற கேசட் என்றால் இன்னொருவர் வீட்டுப் பரணிலாவது ஒரு பிரதி கிடைக்கும். இவற்றுக்கு உலகத்தில் வேறு பிரதி கிடையாது. நாஸ் பெட்டி, அதாவது வீட்டு வலையமைப்பில் இணைத்துக் கோப்புகளைச் சேமிக்கும் பெட்டி, வாங்குவதைப் பற்றி நான் எழுதும் ஒவ்வொரு வரியும் இந்த ஒரு காரணத்திலிருந்துதான் வருகிறது.

முதலில் இவற்றில் நாற்பதைக் கணினியில் ஏற்றி ஒரே ஒரு வெளிப்புற ஹார்ட் டிஸ்கில் வைத்திருந்தேன். ஒரு நாள் காலையில் அதைச் செருகியபோது உள்ளேயிருந்து சீரான இடைவெளியில் 'டிக், டிக்' என்று சத்தம் வந்தது. கணினி அதை அடையாளம் காணவே இல்லை. உத்தரவாதக் காலம் முடியவில்லை என்பதால் நிறுவனம் புதிய டிஸ்க் ஒன்றைத் தந்தது. ஆனால் உத்தரவாதம் டிஸ்குக்குத்தானே தவிர உள்ளே இருந்த ஒலிக்கு இல்லை. அந்த நாற்பது கேசட்டுகளையும் மறுபடி ஓட்டிப் பதிய வேண்டியிருந்தது. அவற்றில் இரண்டில் நாடா பூஞ்சை பிடித்து ஒட்டிப்போயிருந்தது. அந்த மூன்று மணி நேர இசை இனி எங்கும் இல்லை.

அதன் பிறகு 2022இல் வாங்கியதுதான் சைனாலஜி நிறுவனத்தின் டிஎஸ்220 பிளஸ். 2020இல் சந்தைக்கு வந்த மாடல் இது. இரண்டு ஹார்ட் டிஸ்குகளைக் கொள்ளும் சிறு பெட்டி. உள்ளே இன்டெல் செலரான் ஜே4025 சிப்பும் 2 ஜிபி நினைவகமும் இருக்கின்றன. நினைவகத்தை 6 ஜிபி வரை கூட்டிக்கொள்ளலாம். பாட்டு வைப்பதற்கும் கேட்பதற்கும் மட்டும் என்றால் அதற்குத் தேவை வராது. பெட்டியின் விலையில் டிஸ்குகள் அடங்கா என்பதை வாங்குமுன் நினைவில் கொள்ள வேண்டும். டிஸ்குகளுக்குத் தனியாகக் கணக்குப் போட வேண்டும்.

டிஸ்க் தேர்வில் கவனமாக இருங்கள். காந்தத் தடங்களை ஓட்டு வேய்ந்ததுபோல் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்படி எழுதும் எஸ்எம்ஆர் வகை டிஸ்குகள், பழுதான டிஸ்கை மாற்றியபின் மொத்தத் தரவையும் மறுபடி எழுதும் வேலையில் மிகவும் திணறும். வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனத்தின் ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையிலான சில டிஸ்குகள் இந்த வகை என்பது 2020இல்தான் வெளியே தெரிந்தது. அதே நிறுவனத்தின் ரெட் பிளஸ் வரிசையும் சீகேட்டின் அயர்ன்வுல்ஃப் வரிசையும் தடங்கள் ஏறாத சிஎம்ஆர் வகை. நான் இரண்டு 4 டிபி டிஸ்குகளைப் போட்டு, ஒன்றில் இருப்பது அப்படியே மற்றொன்றிலும் இருக்கும்படி அமைத்தேன். 4 டிபி என்பது இசைக்கு மிகப் பெரிய இடம். ஒரு குறுந்தகட்டை, தரம் குறையாமல் ஒலியைச் சுருக்கும் ஃபிளாக் வடிவில் சேமித்தால் ஏறத்தாழ 350 எம்பி ஆகிறது; அந்தக் கணக்கில் பத்தாயிரம் குறுந்தகடுகளுக்கு மேல் இதில் அடங்கும்.

இந்தப் பெட்டியை நான் மதிப்பதற்கு முதல் காரணம், டிஸ்கில் கோப்புகளை ஒழுங்குபடுத்தி வைக்கும் அதன் பிடிஆர்எஃப்எஸ் கோப்பு முறை. ஹார்ட் டிஸ்க் ஒரேயடியாகச் செத்தால் நமக்கு உடனே தெரிந்துவிடும். ஆனால் ஒரு கோப்பின் நடுவே ஒரு சில பிட்டுகள் மட்டும் சத்தமில்லாமல் மாறிவிட்டால், அந்தக் கச்சேரியை மறுபடி கேட்கும்வரை தெரியவே தெரியாது. அதற்குள் கெட்ட கோப்பே எல்லாப் பிரதிகளுக்கும் பரவியிருக்கும். பிடிஆர்எஃப்எஸ் எழுதும்போதே தரவுக்கு ஒரு சரிபார்ப்பு எண்ணைக் கணக்கிட்டு வைத்துக்கொள்கிறது. பிறகு படிக்கும்போது எண் பொருந்தாவிட்டால், இரண்டாவது டிஸ்கில் உள்ள நல்ல பிரதியைக் கொண்டு தானே திருத்திவிடுகிறது. இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். பகிர்வுக் கோப்புறையை உருவாக்கும்போதே, தரவு முழுமைக்கான சரிபார்ப்பு என்ற கட்டத்தில் டிக் செய்துவிட வேண்டும். பிற்பாடு அதை மாற்ற வழியில்லை. புதிய கோப்புறை ஒன்றை உருவாக்கி எல்லாவற்றையும் அதற்கு நகர்த்தத்தான் வேண்டும். அவசரத்தில் அடுத்து, அடுத்து என்று அழுத்திக்கொண்டே போனால் இந்தப் பெட்டியின் ஆகச் சிறந்த வசதியை இழந்துவிடுவீர்கள். முழு டிஸ்கையும் குறித்த இடைவெளியில் படித்துச் சோதிக்கும் வேலைக்கும் நாமேதான் கால அட்டவணை போட்டுத் தர வேண்டும். நான் மூன்று மாதத்துக்கு ஒரு முறை என்று வைத்திருக்கிறேன்.

கோப்பு வடிவமும் இதில் கைகொடுக்கிறது. ஃபிளாக் கோப்பு ஒவ்வொன்றின் தலைப்பகுதியிலும் மூல ஒலியிலிருந்து கணக்கிட்ட எம்டி5 என்ற சரிபார்ப்பு எண் பதிந்திருக்கும். ஃபிளாக் நிரலைச் சோதனை முறையில் ஓட்டினால், அது கோப்பை முழுக்க விரித்துப் பார்த்து அந்த எண்ணோடு ஒப்பிடும். பழைய டிஸ்குகளிலிருந்து பெட்டிக்கு மாற்றுவதற்கு முன் தொகுப்பு முழுவதையும் இப்படிச் சோதித்தேன். மூன்று கோப்புகள் கெட்டிருந்தன. கேசட்டுகள் கையில் இருந்ததால் அவற்றை மீண்டும் பதிந்துகொள்ள முடிந்தது. எம்பி3 கோப்பாகவே வைத்திருந்தால் இந்தச் சோதனைக்கு வழியே இருந்திருக்காது. கேசட்டை 24 பிட், 48 கிலோஹெர்ட்ஸில் பதிந்தால் தொண்ணூறு நிமிடத்துக்குச் சுமார் ஒன்றரை ஜிபி. ஃபிளாக் ஆக்கினால் ஏறத்தாழ 1 ஜிபி. நாடாவின் இரைச்சல் எளிதில் சுருங்காது என்பதால் அதற்கு மேல் குறைவதில்லை.

மொத்தம் 310 ஜிபியைப் பெட்டிக்கு ஏற்றியபோது வேகம் நொடிக்குப் பதினொரு எம்பியைத் தாண்டவில்லை. பெட்டியின் மேல் குறை இல்லை. இணைய இணைப்புடன் வீட்டில் வைத்துப்போன ரவுட்டரின் துளைகள் 100 எம்பிபிஎஸ் வகை, அதாவது நொடிக்கு 100 மெகாபிட்; எம்பி கணக்கில் அதிகபட்சம் பன்னிரண்டரைதான். அப்படியே விட்டிருந்தால் ஏறத்தாழ எட்டு மணி நேரம் ஆகியிருக்கும். அதைவிடப் பத்து மடங்கு வேகமான சிறிய கிகாபிட் ஸ்விட்ச் ஒன்றை இடையில் போட்டதும் ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகத்தான் ஆனது.

தமிழில் பெயர் வைத்துத் தொகுப்பவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய ஒரு சிக்கலை இனி விரிவாகச் சொல்ல வேண்டும். கோப்புறைகளை ராகவாரியாகப் பிரித்திருக்கிறேன். முதல் அறுபது கேசட்டுகளைப் பழைய மேக் கணினியிலும் மற்றவற்றை விண்டோஸ் கணினியிலும் பதிந்தேன். கோப்புகளை நகலெடுக்கும் ஆர்சிங்க் நிரல் வழியாக இரண்டையும் பெட்டியில் ஒன்றுசேர்த்தபோது 'தோடி' என்ற பெயரில் இரண்டு கோப்புறைகள் அடுத்தடுத்து நின்றன. எழுத்துக்கு எழுத்து ஒன்றுபோலவே இருந்தன. ஒரே இடத்தில் ஒரே பெயரில் இரண்டு கோப்புறைகள் இருக்க முடியாது என்று நினைத்திருந்த எனக்கு ஒன்றும் புரியவில்லை. 'மோகனம்', 'காம்போதி', 'கௌளை' ஆகியவையும் இரண்டிரண்டாக இருந்தன. ஆனால் 'கல்யாணி', 'பைரவி', 'சங்கராபரணம்' எல்லாம் ஒவ்வொன்றுதான்.

பட்டியலை மறுபடி மறுபடி பார்த்தபோதுதான் காரணம் பிடிபட்டது. எழுத்துகளைக் கணினியில் குறிக்கும் யூனிகோடில் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் கொம்பும் காலுமாக இரண்டு குறிகளாகப் பிரித்தும் எழுதலாம். ஒகரத்துக்கும் ஔகாரத்துக்கும் இதே நிலைதான். ஆப்பிளின் பழைய எச்எஃப்எஸ் பிளஸ் கோப்பு முறை பெயர்களைப் பிரித்தே சேமிக்கும். விண்டோஸில் தட்டச்சு செய்தது சேர்ந்தே இருக்கும். கண்ணுக்கு இரண்டும் ஒரே 'தோ'. லினக்ஸில் ஓடும் இந்தப் பெட்டிக்கோ இரண்டும் வெவ்வேறு பெயர்கள். தேடல் பெட்டியில் 'தோடி' என்று அடித்தால் பாதிக் கச்சேரிகள்தான் வந்தன. பெயர்களை ஒரே வடிவத்துக்குக் கொண்டுவரும் கன்வ்எம்வி என்ற சிறு கட்டளை நிரலால் இதைச் சரிசெய்தேன். முதல் முறை அதைத் தவறான கோப்புறையில் ஓட்டிவிட்டேன். கோப்புறையின் அன்றைய நிலையை அப்படியே பதிந்துவைக்கும் ஸ்னாப்ஷாட்டை நாள்தோறும் எடுக்கும்படி வைத்திருந்தேன்; அதிலிருந்து முந்தைய நாள் நிலையை இரண்டு நிமிடத்தில் மீட்க முடிந்தது. கைத்தவறுக்கு இதைவிட நல்ல மருந்தை நான் கண்டதில்லை.

கடவுச்சொல் இல்லாமல் படிக்க முடியாதபடி மறைகுறியாக்கம் செய்த பகிர்வுக் கோப்புறையையும் முயன்று பார்த்துவிட்டு விட்டுவிட்டேன். அதில் ஒரு கோப்பின் பெயர் ஆங்கில எழுத்தானால் 143 வரை நீளலாம். தமிழில் ஒவ்வொரு குறியும் மூன்று பைட் எடுப்பதால் 47 குறிகளோடு நின்றுவிடும்; மெய்யும் உயிர்மெய்யும் பெரும்பாலும் இரண்டு குறிகள் என்பதால் நம் கணக்கில் இருபத்தைந்து, முப்பது எழுத்துதான் கிடைக்கும். கலைஞர் பெயர், ராகம், ஊர், ஆண்டு என்று எழுதினாலே அது தாண்டிவிடுகிறது. திருடுபோனால் கவலைப்பட வேண்டிய ரகசியம் என் கச்சேரிகளில் இல்லை; பெயர் சுருங்குவதுதான் எனக்குப் பெரிய இழப்பு.

பாட்டுக் கேட்பதற்குத் தரப்பட்டிருக்கும் ஆடியோ ஸ்டேஷன் செயலி நிதானமாக வேலை செய்கிறது. ஃபிளாக் உள்ளிட்ட வழக்கமான வடிவங்களை எல்லாம் இசைக்கிறது, கைப்பேசியிலும் கேட்கலாம். ஆனால் கலைஞர், ஆல்பம், இயற்றியவர், வகை என்ற நான்கு பெட்டிகளுக்குள் நம் இசை அடங்குவதாக அது எண்ணுகிறது. ஃபிளாக் கோப்புக்குள் ராகம் என்றே ஒரு புலத்தைச் சேர்த்துக்கொள்ள வடிவம் அனுமதிக்கிறது. செயலி அதைக் காட்டாது. எல்லாக் கோப்பிலும் 'கர்நாடக இசை' என்று எழுதிப் பயனில்லாமல் கிடந்த 'வகை' புலத்தில் ராகத்தின் பெயரை எழுதிவிட்டேன். இப்போது வகை என்று தொட்டால் ராகங்கள் வரிசையாக வருகின்றன. தவிலுக்குத்தான் இன்னும் இடம் கிடைக்கவில்லை. தவில்காரர் பெயரைக் குறிப்புப் புலத்தில் எழுதிவைக்கிறேன். அவர் பெயரைக் கொண்டு தேட முடியாதது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

பெட்டியைக் கேட்கும் அறையில் வைக்காதீர்கள். ஆலாபனையில் மூச்செடுக்கும் இடைவெளியில் டிஸ்க் தலை நகரும் சத்தம் தெளிவாகக் கேட்கிறது. மின்வெட்டு உள்ள ஊர்களில் யுபிஎஸ் கட்டாயம்; அதன் யுஎஸ்பி கம்பியைப் பெட்டியில் செருகிவிட்டால், மின்சாரம் நின்ற சற்று நேரத்தில் பெட்டி எழுதுவதை முறைப்படி நிறுத்திக்கொள்கிறது.

இவ்வளவு சொன்னபின்னும் இந்தப் பெட்டியை மட்டும் நம்பி எதையும் ஒப்படைக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. இரண்டு டிஸ்குகளில் ஒன்றுபோல் எழுதுவது காப்புப் பிரதி ஆகாது. ஒன்றில் அழித்தால் அதே நொடியில் மற்றதிலும் அழிந்துவிடும். வெள்ளம் வந்தாலும் இடி விழுந்தாலும் இரண்டும் சேர்ந்தே போகும். 2014இல், கோப்புகளைப் பூட்டிவிட்டுத் திறக்கப் பணம் கேட்கும் சைனோலாக்கர் என்ற பணயத் தீநிரல் பழைய மென்பொருளோடு இணையத்தில் திறந்து கிடந்த சைனாலஜி பெட்டிகளைக் குறிவைத்துப் பூட்டியது. ஆகவே வெளியிலிருந்து பெட்டியை அணுகும் வழியை நான் திறக்கவே இல்லை. பெட்டியும் டிஸ்கும் வாங்கக் கையில் உள்ள பணம் சரியாக இருக்கிறது, தனியாக இன்னொரு வெளிப்புற டிஸ்க் வாங்க மிச்சமில்லை என்பவர்கள், பெட்டியைத் தள்ளிப்போட்டுவிட்டு இரண்டு வெளிப்புற டிஸ்குகளை வாங்கி இரண்டு வீட்டில் வையுங்கள். அதுவே மேல்.

காப்புப் பிரதி எடுக்க ஹைப்பர் பேக்கப் என்ற நிரல் உடன் வருகிறது. பல பழைய நிலைகளைச் சேர்த்துவைக்கும் முறையைத் தேர்ந்தெடுத்தால் தரவு அதன் சொந்த வடிவத்துக்குள் போய்விடும். திறப்பதற்கும் அந்த நிறுவனத்தின் நிரலே வேண்டும். நான் ஒற்றைப் பிரதி முறையைத்தான் வைத்திருக்கிறேன். அதில் கோப்புகள் கோப்புகளாகவே இருக்கும். எனக்குப் பின் இதை எடுப்பவருக்குச் சைனாலஜி என்றால் என்னவென்று தெரிந்திருக்க வேண்டியதில்லை.

இந்த மாடலுக்கு அடுத்து 2023இல் நான்கு கோர் சிப்புடன் டிஎஸ்224 பிளஸ் வந்தது. 2025இல் வந்த பிளஸ் மாடல்களில் தங்கள் அங்கீகாரம் பெற்ற டிஸ்குகளைத்தான் போட வேண்டும் என்று நிறுவனம் கட்டுப்பாடு கொண்டுவந்து, அந்த ஆண்டு அக்டோபரில் அதைத் தளர்த்தியது. புதிதாக வாங்குபவர்கள் பொருந்தும் டிஸ்குகளின் பட்டியலை முதலில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

மாதத்தின் முதல் ஞாயிறன்று ஒரு வெளிப்புற டிஸ்கில் பிரதி எடுத்து, திருச்சியில் இருக்கும் அக்கா வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டு, அங்கிருந்த பழைய டிஸ்கை எடுத்து வருகிறேன். போன மாதம் போனபோது அவளுடைய மடிக்கணினியிலேயே டிஸ்கைச் செருகி, பெட்டியின் துணை இல்லாமல் கோப்புகள் திறக்கின்றனவா என்று பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு ஒன்றைத் தொட்டேன். ஒரு கோயில் வாசலின் கூட்ட இரைச்சல், பிறகு நாகஸ்வரத்துக்குச் சுருதி கூட்டும் ஒத்தின் ஒலி, அதற்கும் பிறகு மைக்குக்கு மிக அருகில் அப்பா ஒரு முறை இருமுவது கேட்டது. "நிறுத்தாதேடா, அப்படியே ஓடட்டும்" என்றாள் அக்கா.