வீம் ஏஜென்ட் இலவசப் பதிப்பு: வீட்டு லேப்டாப்பில் நீண்ட நாள் பயன்பாடு

விண்டோஸ் 11 லேப்டாப்பை செட்டிங்ஸ், மென்பொருள்களோடு முழு இமேஜாக (டிஸ்க்கின் அப்படியே ஒரு நகலாக) எடுத்துவைக்க நல்ல இலவச வழிகள் குறைந்துகொண்டே வருகின்றன. மேக்ரியம் ரிஃப்ளெக்ட் இலவசப் பதிப்புக்கான ஆதரவு 2024 ஜனவரி 1-உடன் நின்றது. விண்டோஸிலேயே உள்ள சிஸ்டம் இமேஜ் வசதியை, கைவிடப்படும் வசதிகளின் பட்டியலில் மைக்ரோசாஃப்ட் 2017-லேயே சேர்த்துவிட்டது. மிச்சமிருப்பதில், வீம் நிறுவனத்தின் பேக்கப் மென்பொருளான வீம் ஏஜென்டைத் தயங்காமல் சொல்வேன். பேக்கப் எடுப்பதில் அது தொல்லையே தருவதில்லை. சிக்கல் வருவதெல்லாம் அந்தப் பேக்கப்பிலிருந்து மீட்கும்போதுதான்.

512 ஜிபி எஸ்எஸ்டியில் 200 ஜிபி நிரம்பியிருந்தால் 1 டிபி எக்ஸ்டர்னல் டிஸ்க் தாராளம். அதை என்டிஎஃப்எஸ் என்ற ஃபைல் அமைப்பில் ஃபார்மேட் செய்யுங்கள். ஃபேட்32 என்ற பழைய அமைப்பில் 4 ஜிபியைத் தாண்டிய ஃபைல் நிற்காது. முழுக் கம்ப்யூட்டரையும் தேர்ந்தெடுங்கள். டிஸ்க்கைச் செருகியதும் பேக்கப் தொடங்கும்படியும், முடிந்ததும் டிஸ்க்கைத் தானே வெளியேற்றும்படியும் வையுங்கள். இரண்டாவது முக்கியம்: ஃபைல்களைப் பூட்டிப் பணம் கேட்கும் ரான்சம்வேர் வந்தால், இணைப்பிலேயே இருக்கும் பேக்கப்பையும் அது பூட்டிவிடும்.

முதல் முறை முழு நகல், பிறகு மாறிய பகுதி மட்டும். எத்தனை நாள் பேக்கப்பை வைத்திருக்கச் சொன்னீர்களோ அது நிறைந்ததும், மிகப் பழைய மாற்றம் முழு நகலுக்குள் சேர்க்கப்படும். சாதாரண ஹார்ட் டிஸ்க்கில் இந்த வேலை மெதுவாகவே நடக்கும். பேக்கப் முடிந்த மாதிரி இருக்கிறதே என்று அப்போது கேபிளைப் பிடுங்கினால், முழு நகலும் மாற்றங்களும் சேர்ந்த சங்கிலியே கெட்டுப்போகலாம். செட்டிங்ஸில் பேக்கப் ஃபைல்களைச் சரிபார்க்கும் வசதி உண்டு. மாதம் ஒருமுறை ஓடவிடுங்கள்.

ஒன்டிரைவில் மேகக் குறியோடு தெரியும் ஃபைல்களின் உள்ளடக்கம் உங்கள் டிஸ்க்கிலேயே இல்லை. அதனால் இமேஜிலும் இருக்காது. குடும்பப் படங்கள் இருக்கும் ஃபோல்டரை எப்போதும் கம்ப்யூட்டரிலேயே வைத்திருக்கும்படி மாற்றிய பிறகே பேக்கப் எடுங்கள்.

இனி, விண்டோஸ் எழாதபோது பேக்கப்பை மீட்க உதவும் ரெக்கவரி பென் டிரைவ். 8 ஜிபி போதும். அதில் இருப்பது அழிந்துவிடும். உருவாக்கும்போது, இந்தக் கம்ப்யூட்டரின் டிரைவர்களையும் (பாகங்களை இயக்கும் சிறு மென்பொருள்களையும்) சேர்க்கும் டிக்கை விட்டுவிடாதீர்கள். பல இன்டெல் லேப்டாப்களில் எஸ்எஸ்டி, விஎம்டி என்ற அமைப்புக்குப் பின்னால் இருக்கிறது. அதற்கான டிரைவர் இல்லாவிட்டால் பென் டிரைவ் பூட் ஆகும், பேக்கப்பும் தெரியும், ஆனால் உள்ளே இருக்கும் டிஸ்க் மட்டும் பட்டியலில் வராது. விண்டோஸே படுத்துவிட்ட பிறகு அந்த டிரைவரைத் தேடி அலைய வேண்டியிருக்கும்.

எனவே பென் டிரைவ் தயாரான அன்றே பூட் செய்து பாருங்கள். ஆன் செய்யும்போது பூட் பட்டியலைத் திறக்கும் கீ, டெல், லெனோவாவில் பெரும்பாலும் எஃப்12, எச்பியில் எஃப்9. பட்டியலில் யூஇஎஃப்ஐ என்று குறித்த பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். பேர்-மெட்டல் ரெக்கவரியில் (முழுக் கம்ப்யூட்டரையும் மீட்கும் பகுதியில்) நுழைந்து, பேக்கப்பைக் காட்டி, டிஸ்க்குகள் வரிசையாகத் தெரியும் திரை வரை போங்கள். உள் எஸ்எஸ்டி தெரிந்தால், எதையும் எழுதவிடாமல் அங்கேயே வெளியேறிவிடலாம். ஏஜென்டைப் புதிய பதிப்புக்கு மாற்றினால் பென் டிரைவையும் புதிதாகச் செய்யுங்கள். பழைய மீடியா புதிய பேக்கப்பைப் படிக்காமல் போகலாம்.

டிஸ்க்கை என்கிரிப்ட் செய்து பூட்டும் விண்டோஸ் வசதியான பிட்லாக்கர் தனிக் கவனம் கேட்கும். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பைப் புதிதாக நிறுவி மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்தால், கேட்காமலே டிஸ்க் என்கிரிப்ட் ஆகலாம். ஆனால் இமேஜ் எடுக்கப்படுவது டிஸ்க் திறந்திருக்கும் நிலையில். ஆகவே பேக்கப்பில் எல்லாம் பூட்டில்லாமல் இருக்கும். வீமிலேயே பாஸ்வேர்டு வைத்து என்கிரிப்ட் செய்யுங்கள். அதை மறந்தால் பேக்கப்பைத் திறக்க வழியில்லை. மீட்ட பிறகு பிட்லாக்கர் இயங்குகிறதா என்று பார்த்து, இல்லையென்றால் மறுபடி இயக்குங்கள்.

அந்தப் பாஸ்வேர்டையும் பிட்லாக்கரின் 48 இலக்க ரெக்கவரி எண்ணையும் தாளில் எழுதி, லேப்டாப் பைக்கு வெளியே வேறிடத்தில் வையுங்கள். இலவசப் பதிப்பில் ஒரே ஒரு பேக்கப் வேலைதான் அமைக்க முடியும். ஆகவே படங்களையும் ஆவணங்களையும் ஃப்ரீஃபைல்சிங்க் என்ற இலவச மென்பொருள் கொண்டு இன்னொரு டிஸ்க்கில் தனியாக நகலெடுத்து, முடிந்தால் அதை உறவினர் வீட்டில் கொடுத்து வையுங்கள்.