ஒரே படம், மூன்று கேன்வாஸ் அச்சு

மூடுபனியில் எடுத்த மாத்தூர் தொட்டிப்பாலத்துப் படத்தை 36-க்கு 24 அங்குலத்தில் மூன்று வகை மையில் அச்சிட்டு வாங்கினேன்: மார்த்தாண்டத்தில் எகோ சால்வென்ட் (வீரியம் குறைந்த கரைப்பானில் கலந்த மை), நாகர்கோவிலில் யுவி (புற ஊதா ஒளியில் இறுகும் மை), திருவனந்தபுரத்தில் பிக்மென்ட் (நிறமித் துகள்களை நீரில் கலந்த மை). 24 மெகாபிக்சல் படம் இந்த அளவில் அங்குலத்துக்கு ஏறத்தாழ 166 பிக்சல் தரும். துணியின் நெசவே நுண்மையை ஓரளவு விழுங்கிவிடுவதால் கேன்வாஸுக்கு அது போதும்.

பச்சை மூன்றிலும் நன்றாகவே வந்திருக்கிறது. உண்மையான சோதனை, பாலத்துத் தூண்களின் சாம்பல் நிறம். நான்கு மைகளை மட்டுமே கலந்து அடித்த எகோ சால்வென்ட் பிரிண்டில் தூண்கள் லேசாகச் சிவந்து தெரிகின்றன. சாம்பலுக்கென்றே தனி மை வைத்திருக்கும் பிக்மென்ட் இயந்திரமோ, பனிக்குள் மங்கிப் போகும் கடைசித் தூண் வரை நிறம் பிறழாமல் கொடுத்திருக்கிறது. ஆனால் அதன் மேற்பரப்பு மென்மையானது. வார்னிஷ் பூசாமல் வாங்கினால், ஈரக்கை பட்ட இடம் கறையாகிவிடும்.

யுவி அச்சில் மை புற ஊதா ஒளி பட்டவுடனே இறுகி, துணிக்குள் இறங்காமல் மேலேயே படிந்து நிற்கிறது. வாசனை இல்லை, கையோடு வாங்கி வரலாம். ஆயினும் மரச்சட்டத்தின் மேல் இழுத்து மடித்த மூலையில் மை வெடித்து, இழைகளின் வெள்ளை மயிரிழைக் கோடுகளாகத் தெரிகிறது. கடைக்காரர் அதைக் கறுப்பு மார்க்கரால் தீட்டி மறைத்திருந்தார். மடிக்காமல் தட்டையாக ஒட்டி ஃபிரேம் போடுவதாக இருந்தால் யுவியைத் தாராளமாகப் பரிசீலிக்கலாம். எகோ சால்வென்ட் மை துணியின் பூச்சுக்குள் ஊறிவிடுவதால் மடிப்பை நன்கு தாங்குகிறது. அதன் வாசனை போக மட்டும் சில நாள் பிடிக்கும். லேமினேஷன் செய்வதானால், அச்சிட்ட பின் ஒரு நாளாவது காற்றாட விட்டுச் செய்யச் சொல்லுங்கள்.

விலையைக் கருதினால் பிக்மென்ட்தான் அதிகம். வெயிலும் சாரலும் படாத வரவேற்பறைச் சுவருக்கு அந்தக் கூடுதல் செலவு தகும் என்பேன்; திண்ணைக்கும் கடை முகப்புக்கும் எகோ சால்வென்ட்டே போதும்.

எந்த முறையானாலும் துணி எது என்று கேட்டுக்கொள்வது நல்லது. இரு பருவமழையும் பெறும் குமரி மாவட்டத்தில் பருத்தி கேன்வாஸ் ஈரம் உறிஞ்சித் தளரும், பாலியஸ்டர் அவ்வளவாகத் தளராது. பருத்திதான் வேண்டுமென்றால், உள்மூலைகளில் ஆப்பு அடித்து மீண்டும் இறுக்கிக்கொள்ளும் வகைச் சட்டமாகக் கேளுங்கள். நம் பக்கம் மலிவாகக் கிடைக்கும் ரப்பர் மரமானால், பதப்படுத்தியதா என்பதையும் விசாரியுங்கள். பதப்படுத்தாத சட்டத்தை வண்டு துளைத்துவிடும்.