ட்ரான்ஸாக்‌ஷன் நேரம்: டூல் அளக்கட்டுமா, ஸ்கிரிப்டில் நாமே அளப்பதா?

காரைக்குடியிலிருந்து கண்டாங்கிச் சேலையும் ஆத்தங்குடி டைல்ஸும் விற்கும் ஒரு ஆன்லைன் கடைக்கு லோடு டெஸ்ட் (பல பேர் ஒரே நேரத்தில் வந்தால் தாங்குமா என்று பார்க்கும் சோதனை) என்று வைத்துக்கொள்வோம். வாடிக்கையாளர் செய்யும் ஒரு முழு வேலைதான் ட்ரான்ஸாக்‌ஷன்; அதன் நேரத்தை எப்படி அளப்பது என்பதுதான் கேள்வி. சேலைப் பக்கம் சிக்கலே இல்லை: தேடல், கூடை, முகவரி, பணம். டைல்ஸ் அப்படியில்லை. பட்டாலைக்கு 400 சதுர அடி என்று கொடுத்தால், 10 அங்குலக் கல் 576 என்று கணக்குப் போட்டு, உடைசலுக்குக் கொஞ்சம் கூட்டி, லாரி வாடகையும் சேர்த்து, மதிப்பீட்டுச் சீட்டை சர்வர் பின்னணியில் தயாரிக்கிறது. அதுவரை பிரவுசர் ‘ஆச்சா, ஆச்சா’ என்று கேட்டுக்கொண்டே இருக்கும்.

சேலைக்கு ஜேமீட்டர் என்ற லோடு டெஸ்ட் டூலின் ட்ரான்ஸாக்‌ஷன் கன்ட்ரோலரே (பல ரிக்வெஸ்ட்டுகளைக் கூட்டி ஒரே வேலையாக அளக்கும் உறுப்பு) போதும். அங்கே குரூவி (ஜேமீட்டருக்குள் எழுதும் ஸ்கிரிப்ட் மொழி) எழுதுவது வெட்டி வேலை. கவனிக்க வேண்டியது ஒன்றுதான்: ‘ஜெனரேட் பேரன்ட் சாம்பிள்’ டிக் இல்லாவிட்டால், உள்ளே இருக்கும் ரிக்வெஸ்ட்டுகளோடு ட்ரான்ஸாக்‌ஷனும் தனி வரியாக ‘அக்ரிகேட் ரிப்போர்ட்’டில் ஏறும். கடைசி ‘டோட்டல்’ வரியைப் பார்த்து த்ரூபுட் (விநாடிக்கு எத்தனை வேலை முடிந்தது) சொன்னால் ஒரே வேலையை இரண்டு தரம் எண்ணியதாகிவிடும்.

டைல்ஸ் சீட்டில்தான் கன்ட்ரோலர் ஏமாற்றும். ஒவ்வொரு ‘ஆச்சா’வுக்கு முன்பும் 1 விநாடி டைமர், ஒவ்வொரு பதிலுக்கும் 40 மில்லி விநாடி, ஆறாவது கேள்வியில் சீட்டு தயார் என்று கொள்வோம். வாடிக்கையாளர் காத்திருந்தது 6.24 விநாடி, கன்ட்ரோலர் காட்டுவதோ 240 மில்லி விநாடி. டைமர் நேரத்தைச் சேர்க்காமல் விடுவதுதான் அதன் இயல்பு அமைப்பு. சேர்க்கும் டிக்கைப் போட்டால் 6.24 வரும். ஆனால் டெஸ்ட் பிளான் மட்டத்தில் ‘திங்க் டைம்’ (வாடிக்கையாளர் யோசிக்கும் இடைவெளி) டைமர் ஒன்று கிடந்தால் அதுவும் ஒவ்வொரு சாம்பிளருக்கும் (ரிக்வெஸ்ட் அனுப்பும் உறுப்பு) ஒட்டிக்கொண்டு கூட்டலில் நுழைந்துவிடும். ப்ரீ, போஸ்ட் ப்ராசஸர் (ரிக்வெஸ்டுக்கு முன்னும் பின்னும் ஓடும் துணை வேலைகள்) எடுக்கும் நேரமும் சேரும். டைமர்களை அந்தந்த ரிக்வெஸ்டுக்கு அடியிலேயே வைக்கும் ஒழுக்கம் உள்ளவர்களுக்கு டிக்கே போதும்.

மற்றவர்களுக்கு ஜேஎஸ்ஆர்223 சாம்பிளர், அதாவது நம் குரூவி ஸ்கிரிப்டை ஓட்டும் சாம்பிளர். இதில் இரண்டு வழி. முதல் வழி: தொடக்க நேரத்தை ஒரு வேரியபிளில் வைத்து, முடிவில் கழித்து, புதிதாக ஒரு சாம்பிள்ரிசல்ட் (அளவீட்டுப் பதிவு) உருவாக்கி, ஆட்சப்ரிசல்ட் என்ற கட்டளை மூலம் தாய் சாம்பிளின் கீழ் சேர்ப்பது. பார்க்க அழகு, பொறி இரண்டு. இரண்டாவது ஆர்க்யுமென்டாக ‘ஃபால்ஸ்’ கொடுக்காவிட்டால் நீங்கள் வைத்த பெயர் போய், தாய் சாம்பிளின் பெயரோடு ‘-0’ ஒட்டிய பெயர் வரும். அடுத்தது இன்னும் மோசம்: சப்ரிசல்ட் எக்ஸ்எம்எல் கோப்பில்தான் சேமிக்கப்படும். சிஎஸ்வியில் ஓட்டிவிட்டு ரிப்போர்ட்டில் தேடினால் அந்த வரியே இருக்காது.

இரண்டாவது வழி, கேட்கும் லூப் முழுவதையும் ஒரே குரூவி சாம்பிளருக்குள் எழுதுவது. சாம்பிளரின் சொந்த நேரமே ட்ரான்ஸாக்‌ஷன் நேரம், சிஎஸ்வியிலும் வரும். பதிலைப் பிரித்துப் படிக்கும் நம் பார்சிங் வேலையைக் கழிக்க, கடிகாரத்தை நிறுத்தி மறுபடி ஓடவிடும் சாம்பிள்பாஸ், சாம்பிள்ரெஸ்யூம் இருக்கின்றன. நஷ்டம்: குக்கீ மேனேஜர் (பிரவுசர் போலக் குக்கீகளைச் சுமக்கும் உறுப்பு) தானாக வேலை செய்யாது, ஒவ்வொரு ‘ஆச்சா’வின் தனி நேரமும் தெரியாது. டைல்ஸ் சீட்டுக்கு எங்கள் தேர்வு இதுதான். ‘கேச் கம்பைல்டு ஸ்கிரிப்ட்’ டிக் போடுங்கள். ஸ்கிரிப்டுக்குள் டாலர்-அடைப்புக்குறி வேரியபிள் வேண்டாம், வார்ஸ்.கெட் போதும். டிக் போட்டிருக்கும்போது அதில் முதல் தடவை வந்த மதிப்பே கேச்சில் நின்றுவிடும்; அப்புறம் எந்தச் சுற்றிலும் அதே மதிப்புதான் போகும்.

லோட்ரன்னர் என்ற இன்னொரு லோடு டெஸ்ட் டூலில் இதற்கு நேர்வழி உண்டு: எல்ஆர்_வேஸ்டட்_டைம் கொடுத்தால் ட்ரான்ஸாக்‌ஷனிலிருந்து அந்த நேரம் கழியும். வழுக்குவது அலகில். எல்ஆர்_எண்ட்_டைமர் தருவது விநாடி, வேஸ்டட்_டைம் கேட்பது மில்லி விநாடி. 1000-ஆல் பெருக்க மறந்தால் கழித்தல் நடந்தும் நடக்காத மாதிரிதான்.

கே6 என்ற மற்றொரு டூலில் குரூப் (பல ரிக்வெஸ்ட்டுகளின் தொகுப்பு) நேரத்தில் ஸ்லீப்பும் (காத்திருப்பு) சேரும், அதனால் நாமே மதிப்புகளைப் போடும் ட்ரெண்ட் மெட்ரிக் வைப்பது நல்லது. அதில் ரெஸ்பான்ஸின் டியூரேஷனைப் போட்டால் டிஎன்எஸ், டிசிபி, டிஎல்எஸ் இணைப்பு நேரம் சேராது.

எந்த டூலானாலும் 1 விநாடி இடைவெளியில் கேட்டால் அளவு 1 விநாடி வரை தாமதமாகவே வரும். முடிவுகள் 4, 5, 6 விநாடிகளை ஒட்டிக் குவியலாக விழும். 90-ஆவது பெர்சன்டைல் (நூற்றில் 90 முயற்சிகள் இதற்குள் முடிந்தன என்ற அளவு) ஒரே தாவலில் 1 விநாடி ஏறும். அதைப் பார்த்து சர்வர் மந்தம் என்று முடிவு கட்ட வேண்டாம். சர்வரின் சொந்த வேலை நேரம் வேண்டுமென்றால் சர்வர் லாகில்தான் எடுக்க வேண்டும்.

லூப்புக்கு 60 தடவை என்று ஒரு உச்ச வரம்பு வையுங்கள். தாண்டினால் செட்சக்ஸஸ்ஃபுல் ‘ஃபால்ஸ்’ என்று தோல்வியாகக் குறியுங்கள், நேரமும் பதிவாகட்டும். நடுவில் உடனே தோற்ற 20 மில்லி விநாடி முயற்சிகளை வெற்றிக் கணக்கில் கலக்க விட்டால், சீட்டே கிடைக்காத வாடிக்கையாளர்தான் ரிப்போர்ட்டில் ஆக வேகமானவராகத் தெரிவார்.